படத்தளமும் படைக்கலமும்

திரைப்படமும் துவக்கும் உடன்பிறந்தவை என்று கூறின் அது மிகையன்று. 1882ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு உடற்றொழிலியல் அறிஞராகிய எத்தியென் ஜூல் மாரே என்பவர், பறவைகளின் பறப்பை ஆராயும் பொருட்டு, ஒரு நொடியில் 12 படங்களைப் பிடிக்கும் கருவியொன்றை அமைத்தார். தோளிலே தாங்கிக் குறிபார்த்து விசையை இழுக்கும் துவக்கின் வடிவிலேயே அக்கருவி அமைந்திருந்தது. 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'பெரும் புகையிரதக் கொள்ளை' என்னும் படத்திலே, கொள்ளைக்காரன் ஒருவன் பார்வையாளரை நேரே நோக்கிச் சுடுகின்றான். அன்றுதொட்டு இன்றுவரை வெள்ளித்திரையிலே துவக்கு ஓய்ந்தபாடில்லை. திரையில் வெடிக்கும் துவக்கினாற் படத்தளத்தில் எவரும் மடியாதிருக்கக் காவல் செய்ய வேண்டியவர் யாவர் என்னும் வினாவும் அன்றுதொட்டே இருந்து வருவது. அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்து நாட்டுக்கூத்து மரபிலே இவ்வினா எழுந்ததில்லை. மயான காண்டத்தில் அரிச்சந்திரன் ஓங்கும் வாள் மரத்தாற் செய்து வண்ணந்தீட்டிய வாளாகும். விடியுமளவும் விழித்திருந்து பார்ப்போர்க்கு அது வாளாகவே தோன்றும். ஆயினும் ஒருவரையும் வெட்டாது. களரிக்கும் அவையோர்க்கும் இடையிலுள்ள தூரமும், ஆட்டமும் பாட்டும் எழுப்பும் கற்பனையும் மரத்தை இரும்பாக்கிவிடும். கமராவோ நடிகனின் கையருகே சென்று நோக்குவது. அதற்குப் புகை வேண்டும். தீ நாக்கு வேண்டும். சுடுபவனின் தோள் பின்னே அதிரவும் வேண்டும். இவ்வேட்கையினாலேயே மெய்யான படைக்கலங்கள் படத்தளத்துட் புகுந்தன. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த 'பொதுமக்களின் பகைவன்' என்னும் அமெரிக்கப் படத்தில், நடிகர் ஜேம்ஸ் காக்னி மறைந்து நின்ற சுவரின்மேல் குறிதவறாத சுடுநர் ஒருவர் மெய்க்குண்டுகளையே பொழிந்தார். ஒருவரின் கைத்திறனை நம்பி மற்றொருவரின் உயிரைப் பணயம் வைத்த காலம் அது.

பிற்காலத்தில் வெற்றுத் தோட்டா வழக்கிற்கு வந்தது. மெய்த் தோட்டாவிலே குண்டு, வெடிமருந்து, தட்டினாற் பற்றும் மருந்து என்னும் மூன்றும் உள. வெற்றுத் தோட்டாவிலே குண்டு இல்லை. வெடிமருந்தும் பற்றுமருந்தும் உண்டு. போலித் தோட்டா இதற்கு மறுதலையானது. அண்மைக் காட்சிகளிற் துவக்கு நிரப்பப்பட்டதுபோற் தோன்றும்பொருட்டு அதிலே குண்டு இருக்கும், வெடிமருந்து இராது. குலுக்கிப் பார்க்குமிடத்து ஒலிக்கும் சிறு உலோக மணியையோ, பக்கத்திலே துளையையோ அதற்கு அடையாளமாக வைப்பர். மெய், வெற்று, போலி என்னும் இம்மூவகையும் ஒன்றோடொன்று மயங்குமிடத்தே சாவு நுழைகின்றது.

இலங்கையில் இப்பொருளைச் சிந்திப்போர் முதற்கண் நோக்கத்தக்க இடம், களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கல ஆகும். 'குவாய் நதிப் பாலம்' என்னும் படம் அங்கேயே எடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரிலே யப்பானியர் சீயத்துக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த மரணப் புகையிரதப் பாதையைக் கருவாகக் கொண்ட கதை அது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் எண்ணிறந்தோர் மடிந்த பாதையும் அதுவே. படத்தின் முடிவிலே, புகையிரதம் செல்லும்போது பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படவேண்டும். படைப்பாளர் சாம் ஸ்பீகலும் நெறியாளர் டேவிட் லீனும் இதனைச் சிறு பொம்மை கொண்டு எடாது, மெய்யான பாலத்தையும் மெய்யான வண்டியையும் கொண்டே எடுக்கத் துணிந்தனர்.

1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் அதற்கெனக் குறிக்கப்பட்டது. அந்நாட் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் அரசாங்கப் பெருமக்களும் காட்சியைக் காண வந்திருந்தனர். பல கமராக்கள் பல கோணங்களில் நிறுத்தப்பட்டன. கமராவை இயக்கிவிட்டு ஒவ்வொரு படப்பிடிப்பாளரும் காப்பிடத்துக்குச் சென்று, அங்கிருந்து விளக்கொளியினாற் தம் நலத்தை அறிவித்தல் வேண்டும். எல்லா விளக்குகளும் எரிந்த பின்னரே வெடிவிசை அழுத்தப்படும் என்பது வகுக்கப்பட்டிருந்த முறை. வண்டி புறப்பட்டது, பாலத்தை நெருங்கியது. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. வெடி நிறுத்தப்பட்டது. ஓட்டுநரற்ற வண்டி பாலத்தைக் கடந்து சென்று, அக்கரையிலிருந்த மின்பிறப்பாக்கியின்மேல் மோதிச் சிதைந்தது. இரவோடிரவாகச் சீர்செய்யப்பட்டு, மறுநாட் காலையிலே பாலமும் வண்டியும் திட்டமிட்டபடி தகர்க்கப்பட்டன. உலகம் இன்றும் வியந்து பார்ப்பது அம்மறுநாட் காட்சியையே.

ஆயின் வரலாற்று மாணவன் போற்ற வேண்டியது, படத்தில் இடம்பெறாத முதல்நாளையே ஆகும். அவ்விளக்கு ஏன் எரியவில்லை என்பதைப் பலரும் பலவாறு கூறுவர். வெடிவிசையின் அருகிலிருந்தோர்க்கு அவ்வாராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. ஒளி வரவில்லை; ஆகவே வெடி இல்லை. நாட்டின் பிரதமர் காத்திருந்தார், பெரும்பணம் செலவாயிருந்தது, வண்டியோ திரும்பி வராது. இத்தனையும் ஒரு பக்கம் நிற்க, ஒரு படப்பிடிப்பாளரின் மௌனம் மறுபக்கம் நின்று வென்றது. 'ஆபத்து உண்டு' என்று எவரும் கூறவில்லை. 'ஆபத்து இல்லை' என்று ஒருவர் கூறாமையே நிறுத்துதற்குப் போதுமானதாயிற்று. காவல் முறையின் உயிர்நிலை இதுவே.

இப்படப்பிடிப்பு முற்றிலும் தீங்கற்றதாய் நடந்தது எனக் கொள்ளுதலும் பொருந்தாது. உதவி நெறியாளர் ஒருவர் அக்காலத்தில் மோட்டார் வண்டி விபத்தில் உயிரிழந்தார். பெரிய வெடிக்கு விளக்கு வைத்தவர்களும் தெருப் பயணத்துக்கு விளக்கு வைக்க நினைப்பதில்லை. அச்சந்தரும் பொருளிடத்து விழிப்பும், பழகிய பொருளிடத்து அயர்வும் மாந்தர் இயல்பு. துவக்கு பழகிய பொருளாகிவிட்ட படத்தளங்களிலே பின்னாளில் நேர்ந்தவை இதனை மெய்ப்பிக்கும்.

1984ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜோன் எரிக் ஹெக்ஸம் என்னும் அமெரிக்க நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில், வெற்றுத் தோட்டா இட்ட கைத்துவக்கைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக விசையை இழுத்தார். குண்டில்லாத அவ்வெடியின் விசையே மண்டையோட்டை உடைத்தது. சில நாள்களில் அவர் இறந்தார். வெற்றுத் தோட்டா வெறுமையானதன்று என்பதை உலகம் அன்று கண்டது.

1993ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள், வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரிலே 'காகம்' என்னும் படத்தின் தளத்தில் 28 வயதினரான பிரண்டன் லீ இறந்தார். மெய்த் தோட்டாக்களின் மருந்தை அகற்றிப் போலித் தோட்டாக்கள் செய்யப்பட்டிருந்தன, பற்றுமருந்தோ அகற்றப்படவில்லை. அதன் சிறு விசையால் ஒரு குண்டு துவக்கின் குழலினுட் சென்று தங்கிவிட்டது. குழலை எவரும் நோக்கவில்லை. பின்னொரு காட்சிக்காக அதே துவக்கில் வெற்றுத் தோட்டா இடப்பட்டபோது, அதன் வெடிமருந்து தங்கியிருந்த குண்டை வெளியே தள்ளியது. சிறுசிறு அயர்வுகள் பல சேர்ந்து ஒரு மெய்த் தோட்டாவை உருவாக்கிவிட்டன. சுட்ட நடிகர் குற்றமற்றவர்; எனினும் ஓர் உயிர் போயிற்று.

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே 'ரஸ்ட்' என்னும் படத்தளத்தில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. ஒத்திகையின்போது நடிகர் அலெக் போல்ட்வின் கையிலிருந்த துவக்கு வெடித்து, ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். நெறியாளர் ஜோயல் சூசா காயமுற்றார். படத்தளத்துக்கு ஒருபோதும் வரலாகாத மெய்த் தோட்டா அதிலே இருந்தது. துவக்கு ஆபத்தற்றது என்று உரத்த குரலில் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. எல்லாத் தோட்டாக்களையும் தாம் சோதித்திருக்க வேண்டும், அவ்வாறு செய்யவில்லை என உதவி நெறியாளர் பின்னர்க் காவற்றுறையினரிடம் ஒப்புக்கொண்டார். அன்று காலையிலேயே காவற்குறைகளையும் ஏனைய குறைகளையும் கூறிக் கமராத் தொழிலாளர் சிலர் தளத்தை விட்டு நீங்கியிருந்தனர். முன்னைய நாள்களிலும் துவக்குகள் தவறி வெடித்திருந்தன. கித்துல்கலவில் ஒரு விளக்கு எரியாதபோதே வேலை நின்றது. இங்கே பல விளக்குகள் அணைந்த பின்னும் வேலை நிற்கவில்லை.

இவ்வழக்கின் முடிவும் ஆராயத்தக்கது. ஆயுதப் பொறுப்பாளராயிருந்த இளம்பெண் 2024ஆம் ஆண்டில் குற்றவாளியெனக் காணப்பட்டு, 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆயுதக் காவலோடு வேறு பணியும் அவர்மேற் சுமத்தப்பட்டிருந்தது. நடிகர்மீதான வழக்கு, அரச தரப்பினர் சான்றுகளை மறைத்தமையால், அவ்வாண்டு யூலையிலே தள்ளப்பட்டது. ஆகவே நடிகனின் கடமை யாது என்னும் வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறாமலே விட்டது. தண்டனை ஒருவரைச் சார்ந்தது. காவலோ பலரைச் சார்ந்தது. ஒருவரைத் தண்டித்தமையால் ஏனையோரின் கடன் தீர்ந்துவிடாது.

தமிழ்த் திரையுலகிலே துவக்கு என்றவுடன் 1967ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் எம். ஜி. இராமச்சந்திரனை எம். ஆர். இராதா சுட்ட நிகழ்ச்சியே பலர் நினைவுக்கு வரும். அது இராமாவரத்து இல்லத்தில் நிகழ்ந்த குற்றச் செயல்; படத்தளத்து விபத்தன்று. படத்தளத்து ஆபத்துகளோ அங்கு வேறு வடிவில் வந்துள. 1980ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரத்திலே, மலையாள நடிகர் ஜெயன் எலிகொப்டரிற் தொங்கும் காட்சியில் நடிக்கையில் வீழ்ந்து இறந்தார். 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள், சென்னையின் புறத்தே 'இந்தியன் 2' படத்தளத்திற் பாரந்தூக்கி சரிந்து தொழிலாளர் மூவர் மாண்டனர். அதன்பின் நடிகர் கமல்ஹாசன், தொழிலாளரின் காப்புக்கும் காப்புறுதிக்கும் படநிறுவனம் பொறுப்பேற்க வேண்டுமெனக் கடிதம் எழுதினார். அப்பொறுப்பு நடிகர்க்கும் நெறியாளர்க்கும் உண்டு என நிறுவனம் மறுமொழி விடுத்தது. இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயின், சாவுக்குப் பின்னர்ப் பங்கிடப்படும் பொறுப்பு எவரையும் காவாது. இன்னாருக்கு இன்ன கடமை எனப் படப்பிடிப்புக்கு முன்னரே வகுத்து, அதனை அனைவரும் அறியச் செய்தலே பொறுப்பெனப்படும்.

இவ்வரலாறு யாழ்ப்பாணத்தார்க்கு அயலார் கதையன்று. இம்மண்ணில் உருவான 'குத்துவிளக்கு', 'பொன்மணி' போன்ற எழுபதுகளின் படங்கள் நிலத்தையும் குடும்பத்தையும் சாதியையும் பொருளாகக் கொண்டன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் பின்னர் எழுந்த தலைமுறை, போரையே தன் கதைப்பொருளாகக் கொள்கின்றது. கையடக்கக் கமராவோடு குறும்படம் எடுக்கப் புறப்படும் இளைஞர் கையிற் துவக்கும் ஒரு வேடப்பொருளாகின்றது. இங்கே மூன்று செய்திகள் கருதற்பாலன.

முதலாவது, சட்டம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் இவற்றை அனுமதியின்றி வைத்திருத்தலைத் தடுக்கின்றன. 'நாடகத்துக்காக' என்னும் காரணம் அனுமதிக்கு ஈடாகாது. இரண்டாவது, மண். போர் நடந்த நிலத்திலே வெடியாத எறிகணையும் துருப்பிடித்த தோட்டாவும் இன்னும் கண்டெடுக்கப்படுகின்றன. அவை பழையனவாயினும் போலியல்ல. அவற்றைப் படத்துக்கென எடுப்பவன், கித்துல்கலவில் வல்லுநரும் அஞ்சிக் கையாண்ட பொருளை அறியாமையாற் கையாள்பவன் ஆவான். தொடாது விலகிக் காவற்றுறையினர்க்கு அறிவித்தலே செய்யத்தக்கது. மூன்றாவது, மக்கள். பொம்மைத் துவக்கேனும் தெருவிலே ஏந்தப்படுமிடத்துக் காண்போர்க்கு அது பொம்மையெனத் தெரியாது. போரிலே பிள்ளையை இழந்த தாய்க்கு ஒரு வெடியோசை வெறும் ஓசையாக இராது. அயலவர்க்கும் கிராம அலுவலர்க்கும் காவல் நிலையத்துக்கும் முன்னரே அறிவித்தல், காப்பு மட்டுமன்றிப் பண்பாடுமாகும்.

செய்தற்கு அரியதொன்றும் இங்கே கூறப்படவில்லை. மெய்த் தோட்டா தளத்தின் எல்லைக்குள்ளும் வரலாகாது. துவக்கு ஒருவர் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும்; அவர்க்கு வேறு பணி இருத்தலாகாது. கைமாறுந்தோறும் கொடுப்பவரும் வாங்குபவரும் திறந்து நோக்குதல் வேண்டும். விளையாட்டாகவும் ஒருவரை நோக்கி நீட்டலாகாது. அங்கே தேநீர் கொடுக்கும் சிறுவனும் 'நிறுத்துங்கள்' என்றால் வேலை நிற்றல் வேண்டும். அதற்காக அவனை எவரும் கடிந்துகொள்ளவும் ஆகாது.

2021ஆம் ஆண்டின் துயரத்துக்குப் பின்னர், 'த ரூக்கி' என்னும் அமெரிக்கத் தொடரினர், வெற்றுத் தோட்டா இடும் துவக்குகளை விலக்கி, குழலிலெழும் தீயையும் புகையையும் கணினியினாற் சேர்ப்பதென முடிவு செய்தனர். வேறு சிலரும் இரப்பர்த் துவக்குகளையே கைக்கொள்ளலாயினர். நூறாண்டுக்கு மேலாக இரும்பைத் தேடியலைந்த திரைப்படம், கூத்தர் கையிலிருந்த மரவாளின் அறிவுக்கு இவ்வாறு அணுகி வருகின்றது. பொய்ப் படைக்கலம் கொண்டு மெய்யுணர்ச்சியை எழுப்புவதே கலை. அதற்காக ஓர் உயிரேனும் இடர்ப்படுதல் கலைக்கும் வேண்டியதன்று, அறத்துக்கும் பொருந்துவதன்று.