சூடோமோனாஸ் ஏருஜினோசா: நோய்வீரியமும் எண்ணிக்கை உணர்தலும்

சூடோமோனாஸ் ஏருஜினோசா மண்ணிலும் நீரிலும் வாழும் கோல் வடிவப் பாக்டீரியா. இது கிராம் எதிர் வகையைச் சேர்ந்தது. ஒரு முனையில் உள்ள ஒற்றைக் கசையிழையால் நீந்துகிறது. நல்ல உடல்நலம் உள்ளவர்களை அரிதாகவே தாக்கும். தீக்காயம் பட்டவர்கள், செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர்கள், சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்பட்டவர்கள், புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் ஆகியோரிடம் கடும் தொற்றை உண்டாக்குகிறது. மிகக் குறைந்த ஊட்டமே போதும் என்பதால் மருத்துவமனைகளின் கைகழுவும் தொட்டி, வடிகால், ஈரமான கருவி ஆகியவற்றில் எளிதில் நிலைத்துவிடும். காயக்கட்டுகளில் படியும் நீலப்பச்சை நிறத்துக்குக் காரணமான இக்கிருமியை பிரெஞ்சு மருந்தாளர் கார்ல் கெசார்ட் 1882இல் பிரித்தெடுத்தார். அந்த நிறத்தைத் தரும் பொருள் பயோசயனின்.

நோய்வீரியக் கூறுகள்

இக்கிருமியின் ஆயுதங்கள் பலவகை. எலாஸ்டேஸ் என்னும் நொதி நுரையீரல், இரத்தக்குழாய் ஆகியவற்றின் மீள்திசுவைச் சிதைப்பதோடு எதிர்ப்புப் புரதங்களையும் வெட்டுகிறது. பயோசயனின் உயிரணுக்களுக்குள் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. ராம்னோலிப்பிடுகள் வெள்ளணுக்களை உடைக்கின்றன. எக்சோடாக்சின் ஏ, தொண்டை அடைப்பான் நச்சைப் போலவே உயிரணுவின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. மூன்றாம் வகைச் சுரப்பமைப்பு, ஊசி போன்ற உறுப்பின் வழியே நச்சுப் புரதங்களை நேரடியாக உயிரணுவுக்குள் செலுத்துகிறது.

எண்ணிக்கை உணர்தல்

வெளியே சுரக்கப்படும் நொதிகளால் ஒரு தனிக் கிருமிக்குப் பயன் குறைவு. அவை சூழலில் நீர்த்துப்போகும். உற்பத்திக்கு ஆற்றலும் செலவாகும். எனவே இத்தகைய பொருள்களில் பலவற்றை, தன் இனம் போதிய அளவு பெருகிய பின்னரே இக்கிருமி சுரக்கிறது. ஒவ்வொரு கிருமியும் சிறு சமிக்ஞை மூலக்கூறுகளை இடைவிடாமல் வெளிவிடுகிறது. கூட்டம் பெருகும்போது அவற்றின் செறிவும் ஏறுகிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அவை கிருமியின் ஏற்பிப் புரதங்களுடன் பிணைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகின்றன. இதுவே கோரம் சென்சிங் எனப்படும் எண்ணிக்கை உணர்தல். கடல்வாழ் ஒளிரும் பாக்டீரியாவில் இந்நிகழ்வு 1970இல் விளக்கப்பட்டது. கோரம் சென்சிங் என்ற பெயர் 1994இல் வந்தது.

சூடோமோனாசில் மூன்று அமைப்புகள் பின்னியிருக்கின்றன. லாஸ் அமைப்பும் ஆர்.எச்.எல். அமைப்பும் ஹோமோசெரின் லாக்டோன் வகைச் சமிக்ஞைகளைக் கையாள்கின்றன, மூன்றாவதான பி.க்யூ.எஸ். அமைப்பின் சமிக்ஞை குயினோலோன் வகை. ஆய்வகக் கிருமிகளில் லாஸ் தலைமை வகித்து மற்ற இரண்டையும் தூண்டுகிறது. எலாஸ்டேஸ், ராம்னோலிப்பிடு, பயோசயனின், ஹைட்ரஜன் சயனைடு ஆகியவை இந்த வலையின் கட்டுப்பாட்டில் உள்ளன. எல்லா ஆயுதங்களும் அப்படி அல்ல. எக்சோடாக்சின் ஏ சுரப்பதை முக்கியமாக இரும்புப் பற்றாக்குறை தூண்டுகிறது.

உயிர்ப்படலம்

வடிகுழாய், சுவாசக்குழாய் போன்றவற்றின் பரப்பில் கிருமிகள் ஒட்டி, தாமே சுரந்த பசைப்பொருளுக்குள் அடுக்கடுக்காக வாழ்வது உயிர்ப்படலம். இதனுள் இருக்கும் கிருமிகளை நுண்ணுயிர் எதிர்ப்பிகளாலும் வெள்ளணுக்களாலும் அழிப்பது கடினம். லாஸ் சமிக்ஞையைத் தயாரிக்க இயலாத கிருமிகளின் படலம் தட்டையாகவும் சலவைப்பொருளால் எளிதில் கலைவதாகவும் இருந்ததை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பின்வந்த ஆய்வுகளின்படி, ஊட்டப்பொருளும் நீரோட்டமும் மாறினால் இந்த விளைவும் மாறுகிறது.

பிற மருத்துவமனைக் கிருமிகள்

அசினெட்டோபாக்டர் பௌமானியும் லாக்டோன் சமிக்ஞையைப் பயன்படுத்துகிறது. கிராம் நேர் வகையான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சிறு பெப்டைடைச் சமிக்ஞையாகக் கொண்ட ஏ.ஜி.ஆர். அமைப்பால் இயங்குகிறது. கூட்டம் பெருகியதும் இது நச்சுகளைக் கூட்டி, ஒட்டுவதற்கான மேற்பரப்புப் புரதங்களைக் குறைக்கிறது. ஏ.ஜி.ஆர். செயலிழந்தால் நச்சு குறையும். ஆனால் உயிர்ப்படலம் தடிப்பாகும். சமிக்ஞையைத் தடுப்பது எல்லாக் கிருமிகளிடமும் ஒரே பலனைத் தராது என்பதற்கு இது தெளிவான சான்று.

சிகிச்சை வாய்ப்புகள்

கார்பாபெனம் மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாசை உலக சுகாதார நிறுவனம் 2017இல் மிக அவசர முன்னுரிமைப் பட்டியலில் வைத்தது. 2024இல் அதற்கு அடுத்த நிலையான உயர் முன்னுரிமைக்கு மாற்றியது. புதிய மருந்துகளுக்கான தேடலில், கிருமியைக் கொல்லாமல் அதன் சமிக்ஞையைக் குலைக்கும் வழியும் ஆராயப்படுகிறது. கொல்லாத மருந்துக்கு எதிராகக் கிருமிகள் மெதுவாகவே தகவமையும் என்பது இதன் எதிர்பார்ப்பு. டெலிசியா புல்க்ரா என்ற செம்பாசியின் ஃபியூரனோன்களும், லாக்டோனைச் சிதைக்கும் பாசில்லஸ் நொதியும் ஆய்வகத்தில் பலன் காட்டின. அசித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பி, சூடோமோனாசைக் கொல்லாத அளவிலேயே அதன் சமிக்ஞையைக் குறைக்கிறது.

தடைகளும் உண்டு. நாள்பட்ட தொற்றுகளில் லாஸ் ஏற்பி பழுதான கிருமிகள் அடிக்கடி காணப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றில் ஆர்.எச்.எல். அமைப்பு தனித்தே இயங்குகிறது. லாஸ் ஒன்றை மட்டும் தடுக்கும் மருந்து அவற்றைக் கட்டுப்படுத்தாது. சமிக்ஞை தடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட மருந்து எதுவும் வழக்கமான சிகிச்சையில் இன்னும் இடம்பெறவில்லை. கைச்சுகாதாரம், கருவிகளின் தூய்மை, தேவை முடிந்ததும் வடிகுழாயை அகற்றுதல் ஆகியவையே இன்றும் முதன்மைத் தடுப்பு வழிகள். கிருமிகள் போதிய எண்ணிக்கையை எட்டுமுன்பே அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பதால், இந்த வழிகள் சமிக்ஞை எந்த வகையானாலும் பயன் தருகின்றன.