சுண்ணாம்பு காய்வதற்குள்...

'மூட்' வர வேண்டும் என்பார்கள். கதை எழுதுகிறவர், படம் வரைகிறவர், டியூன் போடுகிறவர்... யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். "இன்னிக்கு மூட் இல்லே சார், நாளைக்குப் பார்க்கலாம்!" கற்பனை என்பது எங்கிருந்தோ பறந்து வந்து தோளில் உட்காரும் கிளி, அது வரும்வரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம்.

பட்டுக்கோட்டைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்! ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட கல்யாணசுந்தரம், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள செங்கப்படுத்தான்காட்டில் 1930-ல் பிறந்து, 1959-ல், வெறும் 29 வயதில் மறைந்தவர். சினிமாவுக்குப் பாட்டெழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குத் தெரியும். காட்சி ரெடி, மெட்டு ரெடி, பாடப்போவது யார் என்பதும் ரெடி. அந்தச் சின்ன இடத்துக்குள்தான் கவிஞர் தன்னை நுழைத்துக்கொள்ள வேண்டும். அவர் நுழைந்தார். கூடவே வயலில் உழைப்பவனையும் அழைத்துக்கொண்டு போனார்!

அதே பட்டுக்கோட்டையில் பஸ் ஏறி, ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூரில் போய் இறங்குங்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்பு, கல்யாணசுந்தரத்துக்குக் கிடைத்ததைவிட இன்னும் சின்ன இடத்துக்குள், இன்னும் நெருக்கடியான கெடுவுக்குள் வேலை பார்த்த சிலர் அங்கே இருந்தார்கள். பெரிய கோயிலின் ஓவியர்கள்!

ராஜராஜ சோழன் கட்டி, 1010-ல் குடமுழுக்கு கண்ட கோயில். வெளியே நின்று விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் கருவறையைச் சுற்றி, இரண்டு கனத்த சுவர்களுக்கு நடுவே குறுகலான ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. பட்டப்பகலிலும் அரையிருட்டு. 1931-ல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி என்ற ஆராய்ச்சியாளர் விளக்கோடு அதற்குள் நுழைந்தார். சுவரில் ஓவியங்கள் இருந்தன. ஆனால், அவர் எதிர்பார்த்த சோழர் ஓவியங்கள் அல்ல. அறுநூறு வருடங்களுக்குப் பிறகு வந்த நாயக்கர் காலத்து ஓவியங்கள். 'அவ்வளவுதானா?' என்று திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. மேல்பூச்சு ஆங்காங்கே உப்பிப் பொருக்குத் தட்டியிருந்ததையும், பெயர்ந்த இடத்தில் உள்ளே வேறு நிறம் தெரிவதையும் கவனித்தார். நாயக்கர் ஓவியத்தின் முதுகுக்குப் பின்னால் சோழர் ஓவியம் ஒளிந்துகொண்டிருந்தது!

கொஞ்ச நாளில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் நிபுணர் எஸ்.பரமசிவன் அந்தப் பூச்சையும் வண்ணத்தையும் சோதித்துப் பார்த்தார். சோழ ஓவியர்கள் கையாண்டது, காய்ந்த சுவரில் பசை கலந்த வண்ணம் பூசும் சுலபமான முறை அல்ல. ஈரச் சுண்ணாம்பின் மேல் நேரடியாக வரையும் 'ஃப்ரெஸ்கோ' முறை என்று சொன்னார்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? இருக்கிறது. சுவரில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி மட்டம் செய்கிறார்கள். அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். பசை கிடையாது. சுண்ணாம்பு காயக் காய, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி கல்லாகிறது. அப்போது வண்ணத்தையும் தனக்குள் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஆயிரம் வருடம் நிற்கிறது. ஆனால் ஓவியருக்குக் கிடைப்பது சில மணி நேரம். காய்ந்த பிறகு தீட்டினால் ஒட்டாது. தப்பாகப் போட்டால் அழிக்கவும் முடியாது. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, மறுபடி சாந்து பூசி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்!

வண்ணத்திலும் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. இலையிலும் பூவிலும் எடுத்த சாயங்களைச் சுண்ணாம்பின் காரம் தின்றுவிடும். காவிமண், மஞ்சள் காவி, பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை... இப்படி மண்ணும் கல்லும் தரும் வண்ணங்கள்தான் தாக்குப்பிடிக்கும். போதாக்குறைக்குக் குறுகலான பாதை. நாமெல்லாம் ஒரு படம் வரைந்தால் நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்ப்போமில்லையா? பெரிய கோயில் ஓவியர் அப்படிப் பின்னால் போனால் எதிர்ச்சுவரில் முதுகு இடிக்கும்! தன்னைவிடப் பல மடங்கு பெரிய சித்திரத்தை, முழுசாகப் பார்க்க முடியாமலே, மனசுக்குள் பார்த்துக்கொண்டு வரைந்திருக்கிறார்.

மூட் வரட்டும் என்று இவர் காத்திருந்தால் என்னவாகியிருக்கும்? சுண்ணாம்பு காய்ந்திருக்கும்!

சரி, இத்தனை கட்டுப்பாட்டுக்குள் சொந்தக் கற்பனைக்கு எங்கே இடம்? சுந்தரர் கதையை வரைந்திருக்கும் சுவரைப் பாருங்கள். கல்யாண நேரத்தில் ஒரு கிழவர் வந்து நின்று, "நீ எனக்கு அடிமை!" என்று வம்படியாக வழக்காடுகிறார். கையில் ஓலை. கூடியிருக்கும் சபை திகைக்கிறது. மேலே, வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகிறார்கள். உச்சியில் சிவனும் பார்வதியும். 'ஓஹோ, பெரியபுராணத்தைப் படித்துவிட்டு வரைந்திருக்கிறார்' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12-ம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அதாவது, இந்தச் சுவர் காய்ந்து நூறு வருடங்களுக்கும் மேல் ஆன பிறகு! நம் ஓவியருக்கு முன்னால் விரிவான காவியம் எதுவும் இல்லை. சுந்தரரின் பதிகங்களும் சுருக்கமான துதிகளும் ஊர் வாயில் புழங்கிய கதைகளும்தான் கையிருப்பு. கிழவர் எப்படி நிற்பார், சபையோர் எப்படித் திகைப்பார்கள், யானை எந்த வேகத்தில் போகும் என்பதையெல்லாம் அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புலவருக்கு முன்பே ஓவியர் அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டார். 'என்ன வரைய வேண்டும்' என்பது அவர் முடிவு செய்ததல்ல. 'எப்படி' என்பது முழுக்க அவருடையது!

அவருக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? நம் பழைய சிற்ப நூல்கள் ஒரு சுவாரசியமான பதிலைச் சொல்கின்றன. விஷ்ணுதர்மோத்தரம் என்ற நூலில் ஓவியத்துக்கென்றே 'சித்திரசூத்திரம்' என்று ஒரு பகுதி உண்டு. 'சிலை செய்யக் கற்றுக்கொடுங்கள்' என்று ஓர் அரசன் முனிவரிடம் போகிறான். 'முதலில் ஓவியம் தெரிய வேண்டும்' என்கிறார் முனிவர். ஓவியம் தெரிய நடனம் தெரிய வேண்டுமாம். நடனத்துக்கு வாத்தியம், வாத்தியத்துக்குப் பாட்டு! அரசன் பாவம், ஒரு கலையைக் கேட்கப் போய் ஐந்து கலைகளில் மாட்டிக்கொண்டான்.

ஆனால் தஞ்சாவூரில் அது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கோயிலைச் சுற்றி நானூறு தளிச்சேரிப் பெண்களை ராஜராஜன் குடியேற்றியிருந்தான். பங்கு ஒன்றுக்கு வருடத்துக்கு நூறு கலம் நெல். தினமும் ஆட்டமும் பாட்டும் ஓவியரின் கண்ணெதிரே. சுற்றுப்பாதைக்கு நேர் மேலே, மாடியில், சிவனே ஆடிக்காட்டும் நடனக் கரணங்களைக் கல்லில் செதுக்கினார்கள். 108-ல் 81 முடிந்தது. மீதி 27-க்கான கற்கள் இன்றைக்கும் வெறுமையாகவே இருக்கின்றன. இந்தச் சூழ்நிலையில் வளர்ந்த கை, முதுகைக் காட்டியபடி இடுப்பை ஒடித்து, முகத்தைத் திருப்பும் ஓர் ஆடல் மங்கையை ஈரச் சுவரில் ஒரே வீச்சில் வளைத்துப் போட்டிருக்கிறது. வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியது, அந்தச் சில மணி நேரத்தில் கை வழியாக இறங்கியது. நாம் 'இன்ஸ்பிரேஷன்' என்று சொல்கிறோமே, அது இதுதான்!

ஐந்நூறு வருடம் கழித்து, ரோமில் மைக்கேலாஞ்சலோ இதே ஈரச் சுண்ணாம்போடுதான் மல்லுக்கட்டினார். 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் தேவாலயத்தின் கூரையில் வரைந்தபோது, கழுத்து வலியையும், முகத்தில் சொட்டும் வண்ணத்தையும் புலம்பி நண்பருக்கு வேடிக்கையாக ஒரு கவிதையே எழுதியனுப்பினார். அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவரைப் பற்றி அவர் காலத்திலேயே புத்தகம் வந்துவிட்டது.

நம்மவர்? ராஜராஜன் கஞ்சன் அல்ல. கோயிலுக்குக் கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னவன். நானூறு ஆடல் பெண்களின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்வெட்டில் இருக்கின்றன. கட்டிய தச்சர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. இந்தச் சுவரை வரைந்தவரின் பெயர் மட்டும் நமக்கு வந்து சேரவில்லை. முகங்களை ஆயிரம் வருடம் காப்பாற்றிய சுண்ணாம்பு, ஒரு பெயரைக் காப்பாற்றவில்லை.

அதோடு விட்டதா? நாயக்கர் காலத்தில் அவருடைய வேலையின் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசி, வேறோர் ஓவியர் வரைந்துவிட்டார். கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அந்தப் பூச்சு ஒரு போர்வையும்கூட. விளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, கை படுதல் எல்லாவற்றையும் முந்நூறு வருடம் அதுதான் தாங்கிக்கொண்டது. தவிர, மேலே வரைந்தவரும் ஓவியர்தானே? அவருடைய கோடும் ஒரு காலத்தின் கோடுதானே?

அதனால்தான் 1931-க்குப் பிறகு எழுந்த கேள்வி சாதாரணமானதல்ல. உள்ளே இருப்பவரைப் பார்க்க, வெளியே இருப்பவரைச் சுரண்டி எறிவதா? கீழே இருப்பது உசத்தி, மேலே இருப்பது மட்டம் என்று யார் தீர்ப்புச் சொல்வது? தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பொறுமையாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாயக்கர் ஓவியங்களில் பதினாறை, வரைந்த பூச்சோடு அப்படியே உரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஒட்டினார்கள். கீழே சோழர், பலகையில் நாயக்கர். இருவரும் பிழைத்தார்கள்!

சுற்றுப்பாதைக்குள் பொதுமக்களைச் சாதாரணமாக விடுவதில்லை. நம் மூச்சின் ஈரமே அந்தச் சுவருக்கு எதிரி. ஆகவே ஓவியங்களைப் படங்களில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கும்போது திரிபுராந்தகர் சுவரைத் தவறவிடாதீர்கள். தேரில் ஏறி வில்லோடு நிற்கும் சிவன், எதிரே மல்லுக்கு நிற்கும் அசுரர்கள், அவர்களைக் கட்டிப்பிடித்துக் கலங்கும் மனைவிமார்கள். வீரம், வெறி, பயம் எல்லாம் ஒரே சுவரில். ஜெயிக்கப்போவது யார் என்று ஓவியருக்குத் தெரியும். கோயில் சிவனுடையது, கூலி கொடுப்பவன் சிவபக்தன். இருந்தும், தோற்கப்போகிற அசுரனின் மனைவிக்காகவும் நேரம் ஒதுக்கி, அவள் முகத்தில் அந்தக் கலக்கத்தை வரைந்திருக்கிறார். அப்படி வரையச் சொல்லி எந்த ராஜாவும் உத்தரவு போட்டிருக்க மாட்டான்.

அதையும் சுண்ணாம்பு காய்வதற்குள்தான் செய்தார்!