சன்னலில் ஒரு மெழுகுதிரி

அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் கிறிஸ்து பிறப்பு விழா மரபுப்படி தொடங்குமிடம் ஆலயம் அன்று, வீட்டுச் சன்னல். டிசம்பர் 24 அந்தி சாய்ந்ததும் பெரிய மெழுகுதிரி ஒன்றைச் சன்னலோரம் வைத்து, வீட்டின் கடைக்குட்டியைக் கொண்டு ஏற்றுவிப்பர். சில குடும்பங்களில் மரியா என்னும் பெயருடைய பெண்ணுக்கே அவ்வுரிமை. விளக்குத் தண்டு வாங்க வகையற்ற குடியானவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து அதில் திரியை நிறுத்தினர். அன்று சுத்தபோசன நாள். உப்பிட்ட மீனும் உருளைக்கிழங்கும் உண்டபின் மேசையைத் துடைத்து, ரொட்டியும் ஒரு குவளைப் பாலும் வைத்து, கதவைத் தாழிடாமல் உறங்கச் செல்வர். பெத்லகேமில் இடம் கிடையாத மரியன்னையும் சூசையப்பரும் இவ்வழியே வந்தால், இங்கும் இடமில்லை என்றாகிவிடலாமா?

கதவைத் தாழிடாமல் உறங்குவது எளிய செயலாக நமக்குத் தோன்றலாம். அம்மக்கள் கடந்து வந்த காலத்தை அறிந்தால் அவ்வாறு எண்ண மாட்டோம்.

1695 முதல் கத்தோலிக்கருக்கு எதிரான தண்டனைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கத்தோலிக்கர் ஆயுதம் வைத்திருக்கலாகாது, ஐந்து பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரையும் கூடாது, பள்ளி நடத்தலாகாது. ஆயர்களும் துறவற சபைக் குருக்களும் 1698 மே முதல் நாளுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமென்று 1697ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. திரும்பி வந்தால் இராசத் துரோகக் குற்றம். மறைமாவட்டக் குருக்கள் மட்டும் 1704இல், பங்குக்கு ஒருவராகப் பதிவு செய்துகொண்டு தங்க விடப்பட்டனர். 1709இல் அவர்களிடமும் அரசு ஒரு சத்தியப் பிரமாணத்தைக் கேட்டது. மனச்சான்று இடந்தராததால் பெரும்பாலோர் மறுத்தனர். மறுத்தவர்கள் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகளாயினர். பல இடங்களில் மலைச்சரிவின் பாறையே பலிபீடமாயிற்று. அத்திருப்பலிப் பாறைகள் இன்றும் உள்ளன.

இரவில் ஒளிந்து திரிந்த குருவுக்கு, ‘இவ்வீட்டில் அச்சமின்றி நுழையலாம், திருப்பலி நிறைவேற்றலாம்’ என்று சொன்னது அந்தச் சன்னல் வெளிச்சமே என்பர். படைவீரர் வந்து வினவினால், மாதாவையும் சூசையப்பரையும் வரவேற்க ஏற்றினோம் என்று வீட்டார் விடையிறுப்பராம். இது ஏட்டு வரலாறு அன்று, வாய்மொழி மரபு. எனினும் பேரன் பேத்தியருக்குப் பாட்டிமார் விடாது சொல்லிவந்த இக்கதையைப் புறந்தள்ள நமக்கு மனமில்லை. அவ்விடையில்தான் பொய் ஏது?

1829இல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். ஆனால் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். அதன்பின் கிறிஸ்துமஸ் தோறும் அமெரிக்காவிலிருந்து கடிதமும் அதனுள் பணமும் வந்தன, பிள்ளைகள் வரவில்லை. சன்னல் விளக்கு இப்போது அவர்களுக்காகவும் எரிந்தது. (பஞ்சத்துக்கு முன்பே, 1842இல், நம் சென்னைக்குக் கல்விப் பணியாற்ற வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியரும் அயர்லாந்தின் பிள்ளைகளே.)

1990 டிசம்பரில் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற மேரி ராபின்சன், டப்ளின் மாளிகையின் அடுக்களைச் சன்னலில் ஒரு விளக்கை வைத்தார். கடல் கடந்து சென்ற அயர்லாந்து மக்கள் அனைவருக்கும் அது என்றார். மெழுகுதிரி அன்று, மின்விளக்கு. கிறிஸ்துமஸ் முடிந்த பின்னும் அதனை அணைக்கவில்லை.