தொலைந்தாலும் மோதாத டோக்கன்

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இரண்டு நிலையங்களுக்கு இடையிலான பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் வெளியே இருக்கும். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் கம்பியால் இணைந்திருப்பதால், ஒன்று திரும்பி வரும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் வண்டியை நகர்த்தக்கூடாது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் இறுதிவரை மலாயா ரயில்வே ஊழியர்கள் இதை வளையத்தில் மாட்டிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் கம்போங் மேடானில் இருந்துகொண்டு நிரல் எழுதிப் பிழைப்பவன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886இல் போட்ட ரயில் பாதை எங்க வட்டாரத்து வழியாத்தான் போகுது. அந்த ரயில்வேயில் உழைத்த தமிழர்களின் குடியிருப்பாக வளர்ந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ். அதனால் என் துறையின் ஒரு சிக்கலான வரலாற்றைச் சொல்ல இந்த டோக்கன்தான் எனக்கு வசதி.

1987இல் பிரெஞ்சுத் தருக்கவியலாளர் ழான்-ஈவ் ஜிரார் ‘நேரியல் தருக்கம்’ என்ற ஒன்றை முன்வைத்தார். வழக்கமான தருக்கத்தில் ஓர் உண்மையை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு வெள்ளி கொடுத்து வடை வாங்கினால் வடை இருக்கும், வெள்ளி இருக்காது. ஜிராரின் தருக்கம் இந்தச் செலவைக் கணக்கில் வைத்தது. 1990இல் பிலிப் வாட்லர் அதை நிரல்மொழிகளுக்குள் கொண்டுவந்தார். நேரியல் வகை கொண்ட பொருளைச் சரியாக ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். நகலெடுக்கக் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. ரயில் டோக்கனும் அப்படித்தானே?

இன்னொரு கிளை கணினிக்குள்ளேயே ஓடியது. ஒரே தரவைப் பல இழைகள் ஒரே நேரத்தில் தொடும்போது பூட்டுப் போடுவது வழக்கம். ஆனால் பூட்டை வைத்திருக்கும் இழை தூங்கிப்போனால் மற்ற எல்லாரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். 1970களின் ஐபிஎம் சிஸ்டம்/370 ஒரு மாற்று தந்தது: “இந்த இடத்தில் நான் முன்பு பார்த்த மதிப்பே இருந்தால் புதியதை வை, இல்லாவிட்டால் விடு.” இந்த ஒப்பிட்டு மாற்றும் கட்டளை ஒரே மூச்சில் நடந்து முடியும். இதை வைத்து டிரைபர் 1986இல் பூட்டில்லா அடுக்கை எழுதினார். வெறும் படித்தலும் எழுதுதலும் சாதிக்க முடியாததை இக்கட்டளை சாதிக்கும் என்று மாரிஸ் ஹெர்லிஹி 1991இல் நிறுவினார். 1996இல் மைக்கேலும் ஸ்காட்டும் பூட்டில்லா வரிசையைத் தந்தார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அடுக்கின் உச்சியில் உள்ள முகவரியை நான் பார்த்து வைக்கிறேன். அதற்குள் வேறொருவர் அந்தக் கணுவை எடுத்து அழித்துவிடுகிறார். அதே முகவரியில் புதுக் கணு வந்து உட்கார்கிறது. ஃபிளாட்டில் கதவு எண் அதேதான், ஆனா உள்ளே குடியிருக்கிறது வேற குடும்பம். எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளை “எதுவும் மாறலை” என்று நம்பி அடுக்கையே சிதைத்துவிடும்.

ஆகவே உண்மையான கேள்வி: பலர் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பொருளை எப்போது அழிக்கலாம்? ஜாவா போன்ற மொழிகளில் குப்பை அள்ளும் ஏற்பாடே அதைப் பார்த்துக்கொள்ளும். அது இல்லாத இடங்களுக்காக 2004இல் இரண்டு விடைகள் முழு வடிவம் பெற்றன. மேகட் மைக்கேலின் முறையில், “இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இடிக்காதே” என்று ஒவ்வொரு இழையும் அறிவிப்பு ஒட்டும். கீர் ஃபிரேசரின் முறையில் காலம் சகாப்தங்களாகப் பிரிக்கப்படும். பழைய சகாப்தத்தில் உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வெளியேறிய பிறகே அப்போது நீக்கப்பட்டவை அழியும். இரண்டுமே நிரலாளரின் ஒழுக்கத்தை நம்பியிருந்தன.

2015 மே மாதம் ரஸ்ட் மொழியின் முதல் நிலையான பதிப்பு வந்தது. ஒரு பொருளுக்கு ஒரு உரிமையாளர்தான் என்பதை அதன் கம்பைலரே சோதிக்கும். ஆனால் ரஸ்ட் முழுமையான நேரியல் மொழி அல்ல. ஒரு பொருளை இருமுறை பயன்படுத்த முடியாது. தொலைக்க மட்டும் முடியும். இந்தச் சின்ன இடைவெளி வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன் பெரிய தலைவலியானது. ஒரு இழை தன் உள்ளூர்த் தரவை இன்னொன்றுக்குக் கடன் கொடுத்து ஒரு காவல் சீட்டு வாங்கும். சீட்டைக் கைவிடும் கணத்தில், கடன் வாங்கிய இழை முடியும்வரை அது காத்திருக்கும். சீட்டு எங்கோ சுழலில் மாட்டித் தொலைந்தால் அந்தக் கணம் வராது, காத்திருப்பும் நடக்காது. தரவு போன பிறகும் மற்ற இழை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். வேறு வடிவில் அது 2022இல்தான் திரும்பி வந்தது.

அதே 2015இல் ஆரன் டூரன் ஃபிரேசரின் சகாப்த முறையைக் ‘கிராஸ்பீம்’ என்ற நூலகமாக ரஸ்டுக்குக் கொண்டுவந்தார். அங்கேயும் ஒரு காவல் சீட்டு உண்டு. சீட்டு உயிரோடிருக்கும்வரைதான் சுட்டியைப் பயன்படுத்த முடியும். மீறினால் நிரல் தொகுக்கவே செய்யாது. இந்தச் சீட்டு தொலைந்தால்? சகாப்தம் நகராது, குப்பை குவியும், நினைவகம் வீணாகும். ஆனால் யாரும் அழிந்த பொருளைத் தொடமாட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றின் மையம் இதுதான். இரண்டிலும் சீட்டு தொலைகிறது. ஒன்றில் தொலைந்தது அனுமதியாகிவிடுகிறது, மற்றதில் பாதை நின்றுவிடுகிறது. ரயில்வேக்காரர்கள் முதலிலேயே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். டோக்கன் புதரில் விழுந்தால் ரயில் தாமதமாகும், மோதாது.

வேலை இன்னும் முடியவில்லை. கிராஸ்பீமில் ஒரு கணுவை அழிக்க ஒப்படைக்கும் படி இன்றும் ‘பாதுகாப்பற்றது’ என்ற அடையாளத்தோடுதான் இருக்கிறது. அதைப் புதிதாக யாரும் எட்ட முடியாது என்று நிரலாளர்தான் உறுதி சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பகுதிகளைக் கணித நிரூபணத்துக்குள் கொண்டுவர ரால்ஃப் யுங் குழுவினர் 2018இல் ஒரு அடித்தளம் போட்டார்கள். முழு நேரியல் மொழி இன்னும் ஒரு படி போகலாம் என்பது என் எண்ணம். ஒரே கணுவை எடுக்கப் போட்டியிடும் இழைகளில் ஒன்றுதான் ஜெயிக்கும். அழிக்கும் உரிமையை ஜெயித்தவர் கையில் மட்டும் டோக்கனாகக் கொடுத்தால், ஒரே கணுவை இருவர் அழிக்கும் நிரலை எழுதவே முடியாது.

அதுவரை, எந்தப் புது நூலகத்தைத் திறந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே சீட்டு தொலைஞ்சா ரயில் நிக்குமா, மோதுமா?