பெட்டிகளுக்கு இடம் சொல்லும் முறை பிறந்த கதை

நிரல் எழுதும் போட்டிகளில் வரும் புதிர் இது. சிவப்புப் பெட்டி நீலப் பெட்டிக்கு முழுக்க இடப்பக்கம் இருக்க வேண்டும். நீலம், பச்சைக்கு முழுக்கக் கீழே இருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் கொஞ்சமாவது ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் நிபந்தனைகள். பெட்டிகளின் அளவு நம் விருப்பம். எல்லாவற்றுக்கும் இடம் சொல்ல வேண்டும். முடியாது என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

இதைத் தீர்க்கும் முறை பெட்டிகளுக்காகப் பிறந்ததே இல்லை. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் பொலாரிஸ் ஏவுகணையை உருவாக்கிக்கொண்டிருந்தது. மலையாகக் குவிந்த வேலைகளைக் கண்காணிக்க ‘பெர்ட்’ என்ற திட்டமிடும் முறையை வகுத்தார்கள். இந்த வேலை முடிந்தால்தான் அந்த வேலையைத் தொடங்கலாம் என்பதை அம்புக்குறியால் காட்டும் வலைப்படம் அது. அதைக் கணிப்பொறியில் கணக்கிட, எந்த அம்பும் பின்னோக்கிப் பாயாதபடி வேலைகளை ஒரே வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது.

1962 நவம்பரில் ஆர்தர் கான் என்பவர், ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.’ இதழில் ஐந்து பக்கக் கட்டுரையில் அதற்கு வழி சொன்னார். தன்மேல் எந்த அம்பும் பாயாத வேலையை எடுத்து வரிசையில் வை. அதிலிருந்து கிளம்பும் அம்புகளை அழி. இப்போது அம்பு பாயாததாக மாறியதை அடுத்து எடு. இவ்வளவுதான். 30,000 வேலைகள் கொண்ட வலைப்படத்தை ஐ.பி.எம். 7090 கணிப்பொறி ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்திவிடும் என்று அவர் எழுதினார்.

பெட்டிகள் இதற்குள் எப்படி வந்தன? தமிழில் ‘முன்’ என்ற ஒரே சொல் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துகிறது அல்லவா? விடிவதற்கு முன், வீட்டுக்கு முன். கானின் அம்புக்கும் அந்த இரண்டும் ஒன்றுதான். இடம்-வலம், முன்-பின், கீழ்-மேல் என்று மூன்று தனிக் கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் பெட்டிக்கு இரண்டே புள்ளிகள்: தொடக்கம், முடிவு. தொடக்கத்திலிருந்து முடிவுக்கு ஓர் அம்பு. சிவப்பு நீலத்துக்கு இடப்பக்கம் என்றால், முதல் கோட்டில் சிவப்பின் முடிவிலிருந்து நீலத்தின் தொடக்கத்துக்கு ஓர் அம்பு. இரண்டு பெட்டிகள் புகுந்திருக்க வேண்டுமானால், மூன்று கோடுகளிலும் ஒன்றின் தொடக்கத்திலிருந்து மற்றதன் முடிவுக்கு அம்பு, மாற்றியும் ஓர் அம்பு. கான் சொன்னபடி வரிசையாக்கினால், வரிசை எண்ணே அந்தப் புள்ளி நிற்கும் இடம்.

முதலில் சொன்ன நிபந்தனைகளில் நீலம் பச்சைக்குக் கீழே இல்லாமல் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று மாற்றிப் பாருங்கள். பச்சையின் தொடக்கம், சிவப்பின் முடிவு, நீலத்தின் தொடக்கம், நீலத்தின் முடிவு, மறுபடி பச்சையின் தொடக்கம் என்று அம்புகள் வட்டமடிக்கும். எதையும் எடுக்க முடியாமல் புள்ளிகள் மீந்து நிற்கும். இடமே கிடையாது என்பதற்கு அதுவே சான்று.

நிரல் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடினமான கணக்கு வந்தால் முதலில் தாளில் அம்பு போடுங்கள். எதற்கும் காத்திருக்காத புள்ளியிலிருந்து தொடங்குங்கள்.