எல்லைக்கு வெளியே ஓர் எல்லை: இராணுவ விமான இடைமறிப்பின் வரலாறு

ஒரு நாட்டை நெருங்கிவரும் அயல்நாட்டு விமானத்தைப் போர் விமானங்கள் வானிலேயே எதிர்கொண்டு, அது யாருடையது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, உடன் பறந்து கண்காணிப்பதும் தேவையானால் திருப்பி அனுப்புவதும் இடைமறிப்பு எனப்படும். அமைதிக்கால இடைமறிப்புகளில் பெரும்பாலானவை எந்த நாட்டின் வான்வெளிக்குள்ளும் நிகழ்வதில்லை. அவை கடற்கரைக்கு அப்பால், யாருக்கும் சொந்தமில்லாத பன்னாட்டு வான்பரப்பில் நடக்கின்றன. கரைக்குள் என்ன நடக்கலாம் என்பதை ஒப்பந்தங்கள் ஓரளவு தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. கரைக்கு வெளியே இரண்டு இராணுவ விமானங்கள் சந்தித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான விதிகளோ ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கொஞ்சங்கொஞ்சமாகவே எழுதப்பட்டன.

நிலத்துக்கு மேலுள்ள வானமும் நிலத்துக்குரியவருடையதே என்ற கொள்கை முதல் உலகப்போர் கற்றுத்தந்த பாடம். 1919 அக்டோபர் 13 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளிமீது முழுமையான, பிறர் பங்கிட முடியாத இறையாண்மை உண்டு என்று அறிவித்தது. 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை அதையே உறுதிப்படுத்தியது. சிகாகோ உடன்படிக்கை தன்னைப் பயணிகள், சரக்கு விமானங்களுக்கு மட்டுமே உரியதாக வரையறுத்துக்கொண்டது. இராணுவம், சுங்கம், காவல் ஆகிய அரசுப் பணிகளில் உள்ள விமானங்கள் முன் அனுமதியின்றி அயல்நாட்டுக்கு மேல் பறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி விலகிக்கொண்டது. பின்னாளில் 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை ஆட்சிக்கடலின் உச்ச அகலம் 12 கடல் மைல் என்று வகுத்தபோது, வான் எல்லையும் அதே கோட்டில் நின்றது.

பன்னிரண்டு கடல் மைல் என்பது ஒரு ஜெட் விமானத்துக்கு ஓரிரு நிமிட தூரம். அதற்குள் எதிரியை அடையாளம் கண்டு ஒரு முடிவெடுப்பது நடக்கிற காரியமல்ல. கொரியப் போர் மூண்ட 1950இல், சோவியத் குண்டுவீச்சு விமானங்களை எண்ணி அஞ்சிய அமெரிக்கா, தன் கடற்கரைக்கு வெகு தொலைவில் முதல் வான் பாதுகாப்பு அடையாள மண்டலத்தை வரைந்தது. அதற்குள் வந்து அமெரிக்காவை நோக்கிப் பறக்கும் விமானம் தன் பயணத் திட்டத்தையும் இருப்பிடத்தையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவற்றைப் பார்த்துவரப் போர் விமானங்கள் எழும். அடுத்த ஆண்டே கனடா இதைப் பின்பற்றியது. இப்படி மண்டலம் வரைய எந்த ஒப்பந்தமும் உரிமை தரவில்லை. எதுவும் தடுக்கவும் இல்லை. எல்லைக்கு வெளியே இன்னோர் எல்லை பிறந்தது இப்படித்தான்.

பனிப்போரின் முதல் பத்தாண்டில் இடைமறிப்பு பலமுறை துப்பாக்கியால் முடிந்தது. 1950 ஏப்ரல் 8 அன்று பால்டிக் கடல்மீது சோவியத் விமானங்கள் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த 10 பேரும் மாண்டனர். அதே கடலில் 1952 ஜூன் 13 அன்று சுவீடனின் டி.சி.-3 விமானம் எட்டுப் பேருடன் மறைந்தது. மூன்று நாள் கழித்து, அதைத் தேடிச் சென்ற கட்டலினா விமானமும் சுடப்பட்டது. அதிலிருந்தவர்கள் மட்டும் பிழைத்தனர். காணாமற்போனது பயிற்சி விமானம் என்றது சுவீடன். தனக்கு ஒன்றும் தெரியாது என்றது மாஸ்கோ. இரண்டுமே உண்மையல்ல. அந்த விமானம் சோவியத் ராடார், வானொலிச் சமிக்ஞைகளை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. அதை வீழ்த்தியது ஒரு மிக்-15. சுட்டவர்கள் 1991இல்தான் ஒப்புக்கொண்டார்கள். விமானத்தின் சிதைவுகள் 2003இல் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. வேவு பார்த்தவருக்கும் சுட்டவருக்கும் மறைக்க வேண்டியது ஒன்று இருந்ததால், இறந்தவர்களின் குடும்பங்கள் ஏறத்தாழ நாற்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது. இடைமறிப்பு வரலாற்றை எழுதுபவர்களுக்கு அரசுகளின் உடனடி அறிக்கைகளைச் சந்தேகத்தோடு படிக்கும் பழக்கத்தை இந்த ஒரு நிகழ்ச்சியே கற்பித்துவிடும்.

1960 மே 1 அன்று சோவியத் மண்ணின் நடுவே அமெரிக்காவின் யு-2 வேவு விமானம் வீழ்ந்தது உலகறிந்த செய்தி. சட்ட நோக்கில் அதைவிடச் சிக்கலானது, இரண்டே மாதம் கழித்து, ஜூலை 1 அன்று பேரண்ட்ஸ் கடல்மீது ஆர்.பி.-47 விமானம் சுடப்பட்டதுதான். யு-2 எல்லை மீறியதில் ஐயமில்லை. ஆர்.பி.-47 பன்னாட்டு வான்பரப்பிலேயே இருந்தது என்று அமெரிக்கா வாதாடியது. தங்கள் வான்வெளிக்குள் நுழைந்தது என்றது சோவியத் ஒன்றியம். நடுநிலை விசாரணை கோரி ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கு வந்த தீர்மானத்தை அது தன் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. ஆறு பேரில் உயிர் தப்பிய இருவர் 1961 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர். விமானம் எங்கே இருந்தது என்ற எளிய கேள்விக்கு இருதரப்பும் ஏற்கும் விடையைத் தர யாருமே இல்லை என்பது அன்று வெளிப்பட்டது. இன்றும் அந்தக் குறை தீரவில்லை.

பயணிகள் விமானங்களும் இதற்குப் பலியாயின. 1955 ஜூலை 27 அன்று பல்கேரியாவுக்குள் வழிதவறிய எல் ஆல் விமானம் சுடப்பட்டு 58 பேர் இறந்தனர். எனினும் விதியை மாற்றியது 1983 செப்டம்பர் 1 அன்று சகலின் தீவுக்கு மேற்கே நடந்ததுதான். ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்பிய கொரிய விமானம் 007, தானியங்கிக் கருவி சரியான நிலையில் வைக்கப்படாததால், பாதையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் விலகிக் கம்சட்கா தீபகற்பத்தின்மேல் பறந்தது. அதே இரவில் அப்பகுதிக்கு அருகே அமெரிக்க வேவு விமானம் ஒன்று சுற்றியிருந்ததால் இதுவும் அதுவே என்று சோவியத் தரைக்கட்டுப்பாடு எண்ணியது. சுகோய்-15 விமானி எச்சரிக்கைக் குண்டுகளைச் சுட்டார். ஆனால் அவை இருளில் ஒளிராத குண்டுகள் என்று அவரே பின்னாளில் சொன்னார். அவசர வானொலி அலைவரிசையில் அழைப்பு ஏதும் போகவில்லை. விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர்.

இதன் விளைவாக 1984 மே 10 அன்று சிகாகோ உடன்படிக்கையில் ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது: பறக்கும் பயணிகள் விமானத்துக்கு எதிராக ஆயுதம் பயன்படுத்துவதை நாடுகள் தவிர்க்க வேண்டும். அது நடைமுறைக்கு வர 1998 வரை ஆயிற்று. இடைமறிக்கும் விமானம் சற்று முன்னாலும் மேலாகவும், வழக்கமாக இடப்பக்கத்தில் வந்து இறக்கைகளை ஆட்டிக் காட்டுவதும், மற்றது தன் இறக்கைகளை ஆட்டிப் பதில் சொல்லிப் பின்தொடர்வதும் உலகப் பொதுச் சைகைகள். இத்தனையும் பயணிகள் விமானத்துக்கே. இரண்டு இராணுவ விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் விமானியின் நிதானமே விதி.

அந்த நிதானம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு 1987 செப்டம்பர் 13 சான்று. பேரண்ட்ஸ் கடல்மீது நார்வேயின் ரோந்து விமானத்தை மிக நெருங்கிய சுகோய்-27 அதன் சுழல்விசிறியில் உரசியது. இரண்டும் எப்படியோ தரை சேர்ந்தன. 1972இல் கடற்படைகளுக்காகவும், 1989இல் அபாயகரமான இராணுவ நடவடிக்கைகளைத் தடுக்கவும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்பாடுகள் இத்தகைய விளையாட்டுகளுக்குக் கடிவாளம் போட முயன்றன.

தெற்காசியாவில் வேறு வழி முயலப்பட்டது. 1991 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த உடன்பாட்டின்படி, போர் விமானங்கள் ஒன்றன் வான்வெளிக்கு 10 கிலோமீட்டருக்குள் மற்றது வரக் கூடாது. இரு பகைவர் இடைவெளியைக் கிலோமீட்டரில் எழுதிவைத்தது அரிய முயற்சி. கார்கில் போர் ஓய்ந்த சில வாரங்களில், 1999 ஆகஸ்ட் 10 அன்று, கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தை இந்திய மிக்-21 வீழ்த்தியது. 16 பேர் இறந்தனர். எல்லை மீறியது என்றது ஒரு தரப்பு, மீறவில்லை என்றது மறுதரப்பு. பாகிஸ்தான் தொடுத்த வழக்கில், தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று 2000 ஜூன் 21 அன்று பன்னாட்டு நீதிமன்றம் முடித்துக்கொண்டது. யார் சொன்னது சரி என்ற கேள்விக்குள் அது நுழையவே இல்லை.

ஹைனான் தீவுக்குத் தென்கிழக்கே 2001 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் இ.பி.-3 வேவு விமானமும் சீனாவின் ஜே-8 போர் விமானமும் மோதின. சீன விமானி வாங் வேய் உயிரிழந்தார். சேதமுற்ற அமெரிக்க விமானம் அனுமதி பெறாமல் லிங்ஷுய் விமானதளத்தில் இறங்க, அதிலிருந்த 24 பேர் 11 நாள் சிறைப்பட்டனர். வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தின் சொற்களுக்காகவே பேச்சுவார்த்தை நீண்டது. விமானம் ஜூலையில் பிரித்துக் கட்டிய துண்டுகளாகத் திரும்பியது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை விரியும் பொருளாதார மண்டலத்தின்மேல் வேவு பார்ப்பது உரிமை என்கிறது அமெரிக்கா. பாதுகாப்புக்கு ஊறு என்கிறது சீனா. 2013 நவம்பர் 23 அன்று கிழக்குச் சீனக் கடல்மீது சீனா தன் அடையாள மண்டலத்தை அறிவித்தது. தன்னை நோக்கி வராமல் கடந்துபோகும் விமானங்களிடமும் அது தகவல் கேட்டதுதான் புதுமை. சில நாட்களில் இரண்டு அமெரிக்க பி-52 விமானங்கள் சொல்லாமல் அதன் ஊடே பறந்தன. ஜப்பானின் விமானங்கள் 2016 நிதியாண்டில் மட்டும் 1,168 முறை அவசரமாக எழுந்தன. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1984இல்கூட அந்த எண்ணிக்கை 944தான். 2015இல் அமெரிக்காவும் சீனாவும் வான்சந்திப்புகளுக்கான நடத்தை விதிகளில் கையெழுத்திட்டன. அவற்றை மீறினால் தண்டனை ஏதும் இல்லை.

அதே 2015 நவம்பர் 24 அன்று துருக்கி ஒரு ரஷ்ய சுகோய்-24 விமானத்தைச் சிரிய எல்லையருகே வீழ்த்தியது. அது தன் வான்வெளியில் இருந்தது 17 நொடி என்று துருக்கியே கணக்குச் சொன்னது. நுழையவே இல்லை என்றது ரஷ்யா. உறவு சீரடைய ஏழு மாதமும் துருக்கி அதிபரின் வருத்தக் கடிதமும் வேண்டியிருந்தன.

2023 மார்ச் 14 அன்று கருங்கடல்மீது, ரஷ்ய சுகோய்-27 விமானங்கள் அமெரிக்காவின் ஆளில்லா எம்.க்யூ.-9 விமானத்தின்மேல் எரிபொருளைக் கொட்டின. பிறகு அதன் சுழல்விசிறியில் ஒன்று இடித்ததாக அமெரிக்கா ஒளிப்பதிவை வெளியிட்டது. மோதலே நடக்கவில்லை என்றது ரஷ்யா. கட்டுப்பாட்டாளர்கள் அதைக் கடலில் விழவைத்தனர். இறக்கையை ஆட்டிச் சைகை காட்டினால் பார்ப்பதற்கு அதற்குள் யாரும் இல்லை. இறப்பதற்கும் யாரும் இல்லை. அந்த ரஷ்ய விமானிகளுக்கு அரசு விருது தரப்படும் என்று மூன்று நாளில் அறிவிப்பு வந்தது.