ராகுல் சதாசிவன்

ராகுல் சதாசிவன் மலையாளத் திரைப்பட இயக்குநர், திரைக்கதையாசிரியர். பாலக்காட்டைச் சேர்ந்தவர். முழுக்கக் கறுப்பு வெள்ளையில் இவர் எடுத்த ‘பிரமயுகம்’ (2024) கேரளத்துக்கு வெளியிலும் இவருக்குப் பெயர் தேடித் தந்தது. ‘ரெட் ரெயின்’ (2013), ‘பூதகாலம்’ (2022), ‘டீயஸ் ஈரே’ (2025) ஆகியவை இவருடைய மற்றப் படங்கள். ஒரு வீடு, அதற்குள் விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்கள், வெளியேற வழியில்லாத நிலை: இவ்வளவே ‘பூதகாலம்’, ‘பிரமயுகம்’ ஆகிய இவருடைய சிறந்த இரு பேய்ப்படங்களுக்கும் முதலாக அமைந்தன.

தொடக்கம்

2001 ஜூலை முதல் செப்டம்பர் வரை கேரளத்தின் பல இடங்களில் விட்டுவிட்டுச் சிவப்பு மழை பெய்தது. கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் அது அதிகமாகக் காணப்பட்டது. மழைநீருக்கு நிறம் தந்தவை ஒருவகைப் பாசியின் வித்துகள் என்று அரசு பணித்த ஆய்வு கூறியது. அவை விண்ணிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று மகாத்மா காந்தி பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் பின்னர் வாதிட்டனர். மக்கள் மனத்தில் தங்கிவிட்ட அந்த மழையின் பெயரே ராகுலின் முதல் படமான ‘ரெட் ரெயினு’க்கு அமைந்தது. வேற்றுக்கோள் மர்மத்தைப் பேசும் அந்தப் படத்தில், ‘சித்திரம் பேசுதடி’, ‘அஞ்சாதே’ படங்களால் தமிழர் அறிந்த நரேன் நடித்தார். அடுத்த படம் வர எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பூதகாலம்

இப்படம் 2022 ஜனவரி 21 அன்று சோனி லிவ் தளத்தில் வெளியானது. பாட்டி இறந்தபின் ஒரே வீட்டில் மிஞ்சுகிற தாயும் மகனுமே கதையின் மையம். தாய் மனச்சோர்வில் தவிப்பவர். மகன் வேலை கிடைக்காதவன். வீட்டில் ஏதோ நடமாடுகிறது என்று மகன் சொல்லும்போது, அவனுக்கு மனம் பிசகிவிட்டது என்றே சுற்றியிருப்பவர்கள் எண்ணுகிறார்கள். மலையாளத்தில் ‘பூதகாலம்’ என்றால் இறந்தகாலம். பூதம் என்ற சொல்லும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தாயாக நடித்த ரேவதி இப்படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான கேரள மாநில விருதைப் பெற்றார். மகனாக நடித்தவர் ஷேன் நிகம்.

பிரமயுகம்

தலைப்பிலுள்ள ‘பிரம’ என்பது தமிழில் நாம் ‘பிரமை’ என்று வழங்கும் சொல்லின் உறவு. மதி மயங்கிய காலம் என்பது பொருள்.

கதை 17ஆம் நூற்றாண்டு மலபாரில் நடக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடும் பாணர் குலத்துப் பாடகன் தேவன், பசியோடு காட்டுக்குள் ஒரு பாழடைந்த மனையை அடைகிறான். அங்கே இருப்பவர்கள் கொடுமண் போற்றி என்ற பிராமணரும் ஒரு சமையல்காரனும் மட்டுமே. போற்றி பாடச் சொல்கிறார், சோறு போடுகிறார், பகடை ஆட அழைக்கிறார். ஆட்டத்தில் தேவன் பணயமாக வைப்பது தன் காலத்தை. தோற்றபின் அவனால் அந்த வாசலைத் தாண்ட முடிவதில்லை; எத்தனை நாள் கழிந்தன என்ற கணக்கும் தவறிப்போகிறது. யட்சியும் குட்டிச்சாத்தானும் வரும் கதைதான் என்றாலும், சாதி ஒருவனுக்குத் தருகிற அதிகாரமே இதில் பெரிய பேய். அந்த அதிகாரம் கைமாறினாலும் அதன் குணம் மாறுவதில்லை என்பதைப் படம் துணிந்து சொல்கிறது.

போற்றியாக மம்மூட்டி, தேவனாக அர்ஜுன் அசோகன், சமையல்காரனாக சித்தார்த் பரதன் நடித்தனர். ஒளிப்பதிவு ஷெஹ்னாத் ஜலால். இசை கிறிஸ்டோ சேவியர். வசனம் எழுத்தாளர் டி. டி. ராமகிருஷ்ணன். படத்தைத் தயாரித்தது நைட் ஷிஃப்ட் ஸ்டூடியோஸ். சென்னையைச் சேர்ந்த ஒய் நாட் ஸ்டூடியோஸும் இதில் இணைந்தது.

படப்பிடிப்பு 2023 ஆகஸ்டில் தொடங்கியது. பாலக்காடு மாவட்டம் ஒற்றப்பாலம் அருகிலுள்ள வரிக்காசேரி மனையே போற்றியின் வீடாயிற்று. ‘தேவாசுரம்’ உள்ளிட்ட பல படங்களில் செல்வச் செழிப்போடு காட்டப்பட்ட மனை அது. இங்கே புல் மண்டி, ஓடு சரிந்து, ஊர் மறந்த இடமாகத் தோன்றுகிறது. பெருஞ்செலவுப் படமென்று செய்தி பரவியபோது, விளம்பரம் நீங்கலாகச் செலவு 27.73 கோடி ரூபாய் என்று தயாரிப்பாளர் அறிவித்தார். பேய்க்கதைக்கு மலையாளத்தில் இது சிறு தொகையன்று. ஆனால் கதையின் அளவு ‘பூதகாலம்’ போலவே சிறியது: ஒரு வீடு, மூன்று பேர்.

போற்றிக்கு முதலில் வைத்த பெயர் குஞ்சமண் போற்றி. அது தங்கள் குடும்பத்துக்கு இழுக்காகும் என்று கோட்டயம் மாவட்டத்து இல்லம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினர். படக்குழு பெயரைக் கொடுமண் போற்றி என்று மாற்றியது. படம் 2024 பிப்ரவரி 15 அன்று வெளியானது. தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது.

2024ஆம் ஆண்டுக்கான கேரள மாநில விருதுகளில் மம்மூட்டி சிறந்த நடிகராகவும், சித்தார்த் பரதன் சிறந்த குணச்சித்திர நடிகர்களில் ஒருவராகவும் தேர்வாயினர். பின்னணி இசைக்கான விருது கிறிஸ்டோ சேவியருக்குக் கிடைத்தது.

டீயஸ் ஈரே

2025 அக்டோபர் 31 அன்று வெளியான இப்படத்தில் பிரணவ் மோகன்லால் நடித்தார். தலைப்பு ‘சினத்தின் நாள்’ என்று பொருள்படும் லத்தீன் தொடர். ஷெஹ்னாத் ஜலாலும் கிறிஸ்டோ சேவியரும் இதிலும் பணியாற்றினர்.

திரைமொழி

மலையாளத்தின் முதல் பேய்ப்படமாகக் கருதப்படும் ஏ. வின்சென்டின் ‘பார்கவி நிலையம்’ (1964) கறுப்பு வெள்ளையில் வந்தது. அன்று அது வழக்கம். 60 ஆண்டுகளுக்குப் பின் ராகுல் வண்ணத்தைத் தாமே விலக்கினார். ‘பிரமயுக’த்தில் அந்த முடிவு கதையோடு ஒட்டியது. மழையும் பாசியும் விளக்கொளியும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைவதால் பகல் எது, இரவு எது என்று பார்ப்பவருக்கும் பிடிபடுவதில்லை. தேவன் தொலைத்த காலத்தை நாமும் தொலைக்கிறோம். திடுக்கிட வைக்கும் ஓசைகளைவிட, கதவு திறந்தே கிடந்தும் போக முடியாத மனிதனின் முகத்தையே இவர் பெரிதும் நம்புகிறார்.